தேர்வு மாதத்தில் யார் இருப்பார்கள்?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பக்கத்துச் சட்டக் கல்லூரியில் லீகல் எய்டு கிளினிக் இருக்கும், போய்ப் பாருங்கள்" என்று இலவசச் சட்ட உதவி மேசையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாகப்பிரிவினை, பட்டா விவகாரமெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வீட்டில் வேலை செய்கிறேன் அக்கா. ஒரு வீட்டில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளிடம் போகலாம் என்றால், படிக்கிற பிள்ளைகள் என்னை வைத்துப் பழகிக்கொள்ள மாட்டார்களா?
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர், ஈஜிபுரா, பெங்களூரு

பழகிக்கொள்ளத்தான் செய்வார்கள். அதற்குத்தான் அந்த மேசையைப் போட்டிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா, பக்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வக்கீல் இருந்தால் பயப்படாமல் உட்காருங்கள்.

காரணம் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கோர்ட்டில் வாதாட முடியும். மாணவர்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. சரி, அவர்களுக்குப் பாடம் நடத்துகிற பேராசிரியர் வாதாடலாமே என்பீர்கள். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆக, சட்டம் கற்றுக்கொடுக்கிறவரும் கோர்ட்டுக்குப் போக முடியாது, கற்றுக்கொள்கிறவரும் போக முடியாது! இந்த இடைவெளியில்தான் என்னைப் போன்ற ஆட்களுக்குப் பிழைப்பு. வாரத்தில் ஐந்து நாள் கே.ஜி. ரோடு சிவில் கோர்ட்டு, சனிக்கிழமை கல்லூரி கிளினிக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நீங்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவார்கள். நோட்டீஸ், மனு எழுதித் தருவார்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு உங்களோடு பஸ் ஏறி வருவார்கள். கவுண்டரில் "நாளைக்கு வா" என்று சொன்னால், ஏன் நாளைக்கு என்று கேட்பார்கள். இந்தக் கடைசி வேலைக்கே தனியாக நன்றி சொல்லலாம்.

உங்களைப் போலவே ஒரு அம்மா சில வருடங்களுக்கு முன் வந்தார். "வேலை செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று மூன்றாம் வருட மாணவி கேட்டாள். அந்த அம்மா மடித்து வைத்திருந்த ஒரு மாதக் காலண்டரைப் பையிலிருந்து எடுத்தார். லீவு போட்ட நாளுக்குப் பென்சிலில் சுழி, முன்பணம் வாங்கிய நாளுக்கு மஞ்சள் பொட்டு. மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் வீட்டில் காலண்டர் செல்போனில்தான் இருக்கிறது. அந்த அம்மாதான் அவளுக்குப் பாடம் நடத்தினார். அப்புறம் அந்த வீட்டு மேடம் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளைக் கேட்டோம். "நாளைக்கு ஆறு மணிக்கே வந்துவிடு, விருந்தாளி வருகிறார்கள்" என்று தேதியோடு இருந்தது. காலண்டரில் அதற்கு மறுநாள் சுழி இல்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மாணவி முதலில் எழுதிய நோட்டீஸ் மூன்று பக்கம். மகாராஜாவுக்கு விண்ணப்பம் எழுதுகிற நடையில் இருந்தது. அடித்து அடித்து ஒன்பது வரியாக்கினேன். அவளுக்கு முகம் வாடிப்போனது. ஒன்பது வரி போன பத்தாம் நாள் ஒரு மாதச் சம்பளம் வந்தது, மீதி இரண்டு தவணையில்.

நீங்களும் காலண்டர், குரல் பதிவு, போன்பே வரவு எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். கர்நாடகத்தில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2004லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆகவே இது யாரோ உங்களுக்குக் காட்டும் கருணை கிடையாது. இன்னொன்று: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். இதைப் பல பேர் நம்புவதே இல்லை. சித்தையா ரோட்டில் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிற நியாய தேகுலா கட்டடத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

கிளினிக் என்றால் ஊசி போடுகிற இடம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சட்டத்துக்கு எதற்கு கிளினிக்?
— பின்னி மில் ஓய்வுத் தொழிலாளி, ஸ்ரீராமபுரம்

ஐயா, என் அப்பாவும் பின்னி மில்தான். நம் இரண்டு குடும்பமும் ஒரே சங்கு சத்தத்துக்கு எழுந்திருக்கும்.

பெயர்க் காரணம் எளிது. டாக்டருக்குப் படிக்கிறவன் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றுக்கொள்கிறான். வக்கீலுக்குப் படிக்கிறவன் மட்டும் ஐந்து வருடம் புத்தகத்தையே பார்த்துவிட்டு நேராக ஒருவர் வாழ்க்கையில் கை வைக்கலாமா என்று கேட்டார்கள். அதிலிருந்து வந்த பெயர்.

ஏழைக்கு வக்கீல் வைத்துக்கொடுப்பது அரசின் கடமை என்ற பேச்சு எழுபதுகளில் சூடுபிடித்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில் ஒரு குழு 1973இல் அறிக்கை கொடுத்தது. 1976இல் அரசியலமைப்பில் அந்தக் கடமையைச் சொல்லும் 39ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. பீகார் சிறைகளில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்களின் கதை அது. மேலே சொன்ன சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இல் போட்டது, நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே சட்டக் கல்லூரி கிளினிக்குகளை வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எனவே இது கல்லூரிகள் போனால் போகிறது என்று செய்கிற தருமம் கிடையாது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. டில்லியில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த என்.ஆர். மாதவ மேனன்தான் பெங்களூரில் நேஷனல் லா ஸ்கூலைக் கட்டி எழுப்பியவர். 1988இல் முதல் வகுப்பு. ஐந்து வருடப் படிப்பு, அதில் கிளினிக் என்பதெல்லாம் அன்றைக்கு மற்ற வக்கீல்களுக்கு வேடிக்கையாகப் பட்டது. நான் அப்போது மாலைக் கல்லூரியில் சட்டம் படித்துக்கொண்டு, பகலில் டைப்பிஸ்ட் வேலை. லா ஸ்கூலுக்கு இடம் கொடுத்த நாகரபாவி அன்று ஊருக்கு வெளியே. "அங்கே போய் என்ன படிப்பார்கள், மாடு மேய்க்கவா?" என்று என் சீனியர் கேலி செய்தார். அவருடைய பேத்தி பிறகு அங்கேதான் படித்தாள், அது தனிக் கதை.

ஆனால் ஐயா, நான் பார்த்த முதல் கிளினிக் உங்கள் தெருவில்தான் இருந்தது. சங்க ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? பி.எஃப். பாரம், மெமோவுக்குப் பதில், ரேஷன் கார்டுப் பெயர் மாற்றம் எல்லாம் எழுதுவார். காசு வாங்கமாட்டார், வெற்றிலை மட்டும். எட்டாவது படிக்கும்போது எங்கள் வரிசை வீடுகளில் பதினோரு குடித்தனத்துக்கும் தண்ணீர் வரவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய மனுதான் என் முதல் வரைவு. "கண்ணீரும் கம்பலையுமாக" என்று நான் சேர்த்ததை அவர் அடித்துவிட்டு, "எத்தனை நாளாக வரவில்லை, அதை எழுது" என்றார். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் அதையேதான் சொல்கிறேன்.

கன்னடம் சரியாக வராது. தமிழில் பேசினால் ஏற்றுக்கொள்வார்களா?
— வாசகி, விவேக் நகர்

தாராளமாகப் பேசுங்கள். எந்தக் கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றாவது அநேகமாக இருக்கும். ஆனால் கீழ் கோர்ட்டில் மொழி கன்னடம், உங்கள் மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் போகும். எழுதி முடித்ததும் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

என் தம்பி கிருஷ்ணகிரியிலிருந்து கட்டட வேலைக்கு பெங்களூரு வந்தவன். தெருவில் நின்ற பைக்கைத் திருடியதாகப் பிடித்து, 14 மாதமாகப் பரப்பன அக்ரஹாரச் சிறையில் இருக்கிறான். இதுதான் முதல் வழக்கு. சட்டம் படிக்கிற மாணவர்கள் வந்து பேர், தேதி எழுதிக்கொண்டு போனார்களாம். அதனால் என்ன பிரயோசனம்?
— அக்கா ஒருவர், கிருஷ்ணகிரி

அம்மா, அந்தத் தேதிதான் பிரயோசனம்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 479ஆம் பிரிவைப் பாருங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை உள்ள குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்த விசாரணைக் கைதிக்கு ஜாமீன். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடம். உங்கள் தம்பி அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் திருடியது போன்ற கடுமையான பிரிவு போட்டிருந்தால் ஏழு வருடக் கணக்கு வரலாம், அப்போது 28 மாதம். எந்தப் பிரிவு என்று குற்றப்பத்திரிகையில் பாருங்கள். அவர் பேரில் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

மனு போட வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர், அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அத்தனை பேருக்கும் நாள் எண்ண அங்கே யாருக்கு நேரம்? பிள்ளைகள் அதைத்தான் எண்ணுகிறார்கள். கைதான தேதி, பிரிவு, அதிகபட்ச தண்டனை, மூன்றில் ஒரு பங்கு, இன்றைய தேதி. கோடு போட்ட 200 பக்க நோட்டில் ஐந்து கட்டம். எங்கள் பையன் ஒருவன் ஒருமுறை குற்றப்பத்திரிகைத் தேதியிலிருந்து எண்ணிவிட்டான். எழுபது நாள் வித்தியாசம். நான் கத்தவில்லை. "அந்த எழுபது நாளையும் நீ எங்கே தூங்கினாய் என்று யோசி" என்றேன். அதன் பிறகு அவன் தப்பே செய்ததில்லை. இப்போது மாவட்ட நீதிபதித் தேர்வுக்குத் தயாராகிறான்.

ஜாமீன்தாரருக்கு எங்கே போவேன் என்று அடுத்து கேட்பீர்கள். சட்டத்தை ஊன்றிப் படித்தால், முதல்முறை ஆட்களை விடச் சொல்லும் இடத்தில் சொந்தப் பத்திரம் என்றுதான் வருகிறது. அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல், அவரே எழுதிக்கொடுக்கும் உறுதி. கோர்ட்டில் யாராவது உள்ளூர் ஆள் வேண்டும் என்றால் உங்கள் வக்கீல் இதை எடுத்துக் காட்டட்டும். 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், சகோதரருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார்கள். கிருஷ்ண ஐயர் அந்தத் தீர்ப்பில் கேட்டது இதுதான்: ஒரு தமிழனோ கன்னடியனோ வெகு தொலைவில் எங்கோ கைதானால், அந்த மாவட்டத்தில் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான்? உங்கள் தம்பியும் கொத்து வேலைக்கு வந்தவர்தானே. உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனை வேண்டாம் என்று 2023 ஜனவரியிலும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கும் 12ஆம் பிரிவுப்படி வக்கீல் இலவசம்.

மகள் பிளஸ் டூ. வக்கீலாக வேண்டும் என்கிறாள். கோச்சிங் செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நேஷனல் லா ஸ்கூல் எல்லாம் சரிப்படுமா?
— டெய்லர், ஓசூர்

ஏன் சரிப்படாது? அங்கே சேர எழுத வேண்டிய கிளாட் நுழைவுத் தேர்வு இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, நீளமான பத்திகளை வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சிக்கல் எங்கே என்றால் தேர்வு முழுக்க ஆங்கிலம். அதனால் இன்றிலிருந்தே தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மிஷினில் உட்கார்ந்துகொண்டே கேட்கலாம்.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர், அவரும் பெங்களூரு லா ஸ்கூல் மாணவர்தான், 2010இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். வசதி இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, இலவசமாகத் தேர்வுக்குத் தயார் செய்து, சேர்ந்த பிறகும் கூட நிற்கிறது. அவர் 2019இல் காலமாகிவிட்டார், வேலை தொடர்கிறது. விசாரியுங்கள். கிளாட் வழியாகவே திருச்சியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் அரசு சட்டக் கல்லூரி, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இன்னொரு டிகிரி முடித்துவிட்டு மூன்று வருடப் படிப்பிலும் சேரலாம், பெங்களூரு லா ஸ்கூலே 2022இல் அதைத் தொடங்கிவிட்டது.

மாலைக் கல்லூரியில் படித்தவள் நான். அதனால் இதில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

நானும் வக்கீல்தான். மாணவர்கள் முகாம் நடத்துவது சர்டிபிகேட்டுக்கும் போட்டோவுக்கும்தானே? ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள்?
— சிவாஜிநகர் வாசகர்

சார், பாதி உண்மை. வந்த கூட்டத்தைவிட பேனர் பெரிதாக இருந்த முகாம்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில் சமோசா 150, மனு கொடுத்தவர் நான்கு பேர். பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் செய்முறைத் தாள் நான்கு கட்டாயம், அதில் மதிப்பெண் இருக்கிறது, ஆகவே மதிப்பெண்ணுக்காக வருகிறவனும் இருப்பான். இருக்கட்டுமே. சம்பளத்துக்காக வேலைக்குப் போகிற டாக்டர் நமக்கு வைத்தியம் பார்ப்பதில்லையா?

என் கோபம் வேறு இடத்தில். பல வருடங்களுக்கு முன் நான் உதவப் போன ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். கணவனை இழந்த ஒரு அம்மாவின் குடும்ப ஓய்வூதிய மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தது. கோப்பை வைத்திருந்தது இறுதியாண்டு மாணவன், நல்ல பையன், அழகாகக் குறிப்பு எழுதியிருந்தான். ஏப்ரலில் தேர்வு, மே மாதம் ஊருக்குப் போனான், ஜூனில் டில்லியில் வேலை. கோப்பு ஹாஸ்டல் அலமாரியில். அந்த அம்மா மூன்று சனிக்கிழமை வந்து பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான் அந்த மூன்று வாரமும் என் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். கெடு போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டு, எட்டு மாதம் அலைந்து சரிசெய்தோம். அந்த எட்டு மாதமும் அவர் பூக்கட்டிப் பிழைத்தார்.

அதிலிருந்து எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: தேர்வு மாதத்தில் யார் இருப்பார்கள்? பதில் இல்லை என்றால் போவதில்லை. இப்போது நான் உட்காருகிற இடத்தில் ஒவ்வொரு கோப்பும் இரண்டு பேர் பெயரில் இருக்கும், ஒருவர் இறுதியாண்டு, ஒருவர் இரண்டாமாண்டு. கெடுத் தேதி அட்டையின் மேல் சிவப்பு மையில். பிப்ரவரியில் கைமாற்றும் நாள் வைத்து, மனுதாரரையும் வரச்சொல்லி, புதுப் பிள்ளையை நேரில் அறிமுகம் செய்துவைக்கிறோம். "இவள் போய்விடுவாள், இனிமேல் இவன்" என்று சொன்னால் அம்மாக்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

மாணவர்கள் போட்டிகளில் ஜெயித்து வாங்கும் கோப்பைகளையும் நான் குறைத்துப் பேசவில்லை. 1999இலும் 2013இலும் நம் பெங்களூரு லா ஸ்கூல் பிள்ளைகள் ஜெஸ்ஸப் என்ற சர்வதேச மாதிரி நீதிமன்றப் போட்டியில் உலகச் சாம்பியனாக வந்தார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். நாடு முழுக்க மரண தண்டனைக் கைதிகள் 373 பேரைச் சந்தித்துப் பேசி 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று அதில் தெரிந்தது. சிறை சிறையாக, வீடு வீடாகப் போனதில் மாணவர்கள் இருந்தார்கள். அலமாரியில் கோப்பையாக வைக்க முடியாத வேலை. சார், நீங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை வாருங்களேன். சமோசா நான் வாங்கித் தருகிறேன்.

கிளினிக்குக்கு வந்தால் என்ன கொண்டுவர வேண்டும்?
— பலர்

எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள், எனக்கும்கூடக் கொடுக்காதீர்கள். கோர்ட்டு, போலீஸ், ஆபீஸ் எங்கிருந்து காகிதம் வந்திருந்தாலும் அது வந்த உறையையும் சேர்த்து எடுத்து வாருங்கள், முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும். ஆதார் நகல். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் போதும், மூன்று பேர் வந்தால் மூன்று கதை வரும். திரும்பும்போது கோப்பு எண்ணையும், அது யார் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சனிக்கிழமை மட்டும் எங்களிடம் வராதீர்கள். அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை, நான் மட்டும்தான் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். சரி, தூரத்திலிருந்து வருகிறவர்கள் என்றால் அன்றைக்கும் வாருங்கள். கதவைத் தட்டினால் திறப்பேன்.